மருந்தை நிறுத்தினால் திரும்பும் கரப்பான்

இரண்டு வயதுக் குழந்தை. தலை முழுக்க மஞ்சள் பொருக்கு. காதுக்குப் பின்னால் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் சளி காய்ந்து கட்டியிருக்கிறது. டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தருகிறார். ஒரு வாரத்துக்குள் தோல் தெளிந்துவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மருந்து தீர்ந்து சில நாட்களில் அதே இடங்களில் அதே பொருக்கு. மறுபடி சிரப், மறுபடி குணம், மறுபடி புண். வருடம் ஒன்று இரண்டு இப்படியே ஓடுகிறது. ஒவ்வொரு புது டாக்டரும் ஒரு புது மருந்து தருகிறார். கூடவே, பிள்ளையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி தாய்க்கு ஒரு புத்திமதி.

அந்தப் புத்திமதியை முதலில் நிறுத்த வேண்டும். இப்படி விடாமல் திரும்பும் கரப்பானுக்குப் பின்னால் சில குழந்தைகளிடம் ஒரு வைரஸ் இருக்கிறது. அதன் பெயர் எச்.டி.எல்.வி-1. அதோடு சேர்ந்து வரும் இந்தத் தோல் அழற்சியை மருத்துவ நூல்கள் இன்ஃபெக்டிவ் டெர்மடைடிஸ் என்கின்றன. கரீபியத் தீவுகள், பிரேசில், பெரு, கொலம்பியா, செனகல், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் குழந்தைத் தோல் மருத்துவர்கள் இதை நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவில் இந்த வைரஸ் அரிது. ஆனாலும் இந்த நூலில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கக் காரணம் உண்டு. நம் செவிலியரும் மருத்துவர்களும் உலகெங்கும் வேலை பார்க்கிறார்கள். அரிய நோயைத் தேடுபவர் இல்லாத இடத்தில் அது பல வருடம் கண்ணில் படாமலே போகும். இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் முதல் கருவி கூர்ந்து பார்க்கும் கண். அந்தப் பழக்கம் எந்த ஊரில் எந்தக் குழந்தையின் தோலைப் பார்க்கும்போதும் உதவும்.

ஜமைக்காவில் கண்டது

1966-இல் ஸ்வீட் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவர் ஜமைக்காவில் தான் பார்த்த எக்ஸிமாவின் போக்கைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்குள்ள குழந்தைகளிடம் வரும் ஒருவகைக் கரப்பான், இங்கிலாந்தில் பார்த்துப் பழகியதைப் போல இல்லை என்பது அவர் கவனித்த விஷயம். மறு வருடமே வால்ஷ் என்பவர் அதே வகைக் கரப்பான் உள்ள குழந்தைகளை இன்னும் நெருங்கிப் பார்த்து விவரித்தார். தலை, காது, மூக்கு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நீர் கசியும் பொருக்கு. புண்ணிலும் மூக்கிலும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் வரும்.

அப்போது எச்.டி.எல்.வி-1 என்று ஒரு வைரஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது. 1977-இல் ஜப்பானில் தக்காட்சுகி குழுவினர் பெரியவர்களுக்கு வரும் ஒரு தனிவகை டி-செல் ரத்தப் புற்றுநோயை விவரித்தார்கள். 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகம், அந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள இந்த வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டியது. 1985-இல் அந்துவான் ஜெஸ்ஸேனும் உடன் பணியாற்றியவர்களும், கால்களை மெல்ல மெல்ல விறைக்கச் செய்யும் ஒரு முதுகுத்தண்டு நோயோடு இதற்குத் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் மார்டினிக் தீவைச் சேர்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழும் தீவு அது.

கரப்பானுக்கும் வைரஸுக்கும் முடிச்சுப் போட்டவர் ஜமைக்காவின் லாய்ஸ் லா கிரெனேட். 1990-இல் லான்செட் இதழில் வந்த அவர் குழுவின் ஆய்வு மிகச் சிறியது. பழைய விவரிப்புக்கு அப்படியே பொருந்திய 14 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 14 பேருக்கும் எச்.டி.எல்.வி-1 எதிர்ப்பொருள் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண அடோபிக் எக்ஸிமா உள்ள 11 குழந்தைகளை எடுத்தார்கள், ஒருவருக்கும் இல்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் பிளவு அவ்வளவு சுத்தம். 1966-லும் 1967-லும் வெறும் கண்ணால் பார்த்துத் துல்லியமாக எழுதி வைத்திருந்ததால்தான் 24 வருடம் கழித்து, சோதனை கைக்கு வந்தபோது, எந்தக் குழந்தைகளைச் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நோயாளிக் குறிப்பில் ‘தோல் நோய்’ என்று ஒற்றை வார்த்தை எழுதி மூடும் நம் பழக்கத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எந்த இடம், எப்படிப்பட்ட புண், எந்த மருந்துக்கு என்ன ஆனது என்ற மூன்றையும் எழுதுங்கள். படிக்கப்போகிறவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம்.

வைரஸைப் பற்றித் தெரிய வேண்டிய அளவு

எச்.டி.எல்.வி-1 என்றதும் பலர் எச்.ஐ.வி. என்று காதில் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் ரெட்ரோவைரஸ், இரண்டும் டி-செல்லுக்குள் போகின்றன. ஒற்றுமை கிட்டத்தட்ட அத்தோடு சரி. எச்.ஐ.வி. தான் தொற்றிய செல்களை அழித்து எண்ணிக்கையைக் குறைக்கிறது. எச்.டி.எல்.வி-1 செல்லைக் கொல்வதில்லை. செல்லின் மரபணுவில் ஒட்டிக்கொண்டு, அந்தச் செல் பெருகும்போது தானும் பெருகுகிறது. அதனால் நோய் எதிர்ப்பாற்றல் எய்ட்ஸில் போல் சரிந்துவிடாது, நிதானம் தவறுகிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் கொந்தளித்து அழற்சியை உண்டாக்குகிறது. தோலில் சாதாரணமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாவை அடக்குவதில் தடுமாறுகிறது. கரப்பான் வந்த குழந்தைகளின் ரத்தத்தில் வைரஸின் சுமை, நோயில்லாமல் வைரஸை மட்டும் சுமப்பவர்களுடையதைவிட அதிகமாக இருக்கிறது. அந்தப் பாக்டீரியாக்களே டி-செல்களை மேலும் கிளறிவிடுகின்றன என்றும் கருதப்படுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்ததும் தோல் தெளிவது இதனால்தான். நிறுத்தியதும் திரும்புவதும் இதனால்தான்: பாக்டீரியா குறைந்தது, வைரஸ் இருந்த இடத்தில் இருக்கிறது.

உலகில் குறைந்தது 50 லட்சம் முதல் 1 கோடி பேர் இதைச் சுமக்கிறார்கள் என்பது 2012-இல் வெளியான மதிப்பீடு. ஜப்பானின் தென்மேற்குப் பகுதி, கரீபியம், தென் அமெரிக்கா, மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்கா, ஈரானின் மஷாத் நகரப் பகுதி, மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிச் சமூகங்கள் என்று ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றும் ஆவதில்லை.

பரவும் வழிகள் மூன்று. தாய்ப்பால், பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம். கடைசி வழியில் ரத்தம் ஏற்றுதல், பகிர்ந்துகொள்ளும் ஊசி, உறுப்பு மாற்று எல்லாம் அடங்கும். தொட்டால், சேர்ந்து விளையாடினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. பால்வாடியிலோ பள்ளியிலோ இந்தக் குழந்தையைத் தனியாக உட்காரவைப்பது அநியாயம். அதற்கு மருத்துவ நியாயம் எள்ளளவும் கிடையாது. புண்ணில் இருக்கும் பாக்டீரியா மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடும் என்பது உண்மை. அதற்கு எந்தச் சிரங்குக்கும் செய்வதைப் போலத் துண்டைத் தனியாக வைத்து, கையைக் கழுவினால் போதும்.

இதில் இன்னும் விடுபடாத புதிர் ஒன்று உண்டு. ஜப்பானில் இந்த வைரஸைச் சுமப்பவர்கள் ஏராளம். ஆனால் இந்தக் கரப்பான் அங்கே மிகச் சொற்பமாகவே பதிவாகியிருக்கிறது. ஜமைக்காவிலும் பிரேசிலின் பாஹியாவிலும் அதைப் பார்ப்பது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம். ஊட்டக்குறைவும், நெருக்கடியான வீடும், தோலில் சேரும் கிருமிகளின் சுமையும் இதில் பங்கு வகிக்கலாம் என்று நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகத் தோன்றுகிறது. ஏழ்மையைத் தாயின் குற்றமாக்குவது மட்டும் கூடாது.

குழந்தையைப் பார்க்கும் விதம்

வெளிச்சமான இடத்தில், தாயின் மடியில், குழந்தையின் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். முகத்திலிருந்து தொடங்கினால் குழந்தை அழுது திமிறும், பின்னந்தலையிலிருந்து தொடங்குங்கள். முடியை விரலால் வகிடு பிரித்துப் பாருங்கள். பொடுகென்றால் செதில் உலர்ந்து உதிரும். இதில் உதிராது. முடியின் அடியோடு சேர்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தைத் தூக்கினால் அடியில் ஈரமாகச் சிவந்த தோல் தெரியும். ஒரு கெட்ட வாடையும் இருக்கும். பல குழந்தைகளிடம் பார்ப்பதற்கு முன்பே அந்த வாடை தெரிந்துவிடும். தாய்மார்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். “தலையில வாடை வருதாம்மா?” என்று நீங்களே சாதாரணமாகக் கேட்டுவிட்டால் அவர்களுக்குப் பேச வழி கிடைக்கும்.

அடுத்து காது. மடலை முன்னால் மெதுவாக மடக்கினால் பின்னாலுள்ள மடிப்பு தெரியும். அங்கே கோடு போட்டதுபோல வெடிப்பும் கசிவும் இருக்கிறதா என்று பாருங்கள். காதின் வெளித் துவாரத்தையும் விடாதீர்கள். பிறகு கழுத்து மடிப்பு, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு. கடைசியாக முகம்: இமையோரம், மூக்கின் பக்கவாட்டு, மூக்குத் துவாரம். ஜலதோஷமோ தும்மலோ இல்லாமல் மூக்கிலிருந்து தண்ணீராக ஓடிக்கொண்டே இருப்பதும், துவாரத்தின் முன்பகுதியில் பொருக்குக் கட்டுவதும் இந்த நோயின் அடையாளங்கள். உடம்பில் பொடிப்பொடியாகச் சிறு கொப்புளமும் பரவியிருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பல குழந்தைகளிடம் இருக்கும். கண்ணிமையை இழுத்து ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள்.

1998-இல் லா கிரெனேட்டும் மற்றவர்களும் இந்த அடையாளங்களை ஒழுங்குபடுத்தினார்கள். அப்போது மூக்கில் நீர் ஒழுகுவதோ பொருக்கோ கட்டாய அடையாளமாக இருந்தது. பாஹியாவின் சால்வடோர் நகரில் அஷிலியா பிட்டன்கோர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 42 நோயாளிகளைப் பார்த்து 2012-இல் எழுதியபோது வேறு சித்திரம் கிடைத்தது. தலையும் காதின் பின்புறமும் எப்போதும் பாதிக்கப்பட்டிருந்தன. மூக்குப் பொருக்கு எல்லோரிடமும் இல்லை. ஆகவே மூக்கு சுத்தமாக இருக்கிறதே என்று இந்த நோயை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் பார்த்தவர்களில் நோய் தொடங்கிய சராசரி வயது இரண்டரைக்குச் சற்று மேல். தாய்ப்பால் குடித்த காலம் சராசரியாக இரண்டு வருடம். வளர்ந்த பிறகு இந்தக் கரப்பான் தொடங்குவதும் அரிதாக உண்டு.

எதோடு குழப்பிக்கொள்வோம்

பெரும்பாலும் அடோபிக் எக்ஸிமாவோடு. இரண்டையும் பிரிக்க நான் முதலில் நம்புவது அரிப்பை. அடோபிக் குழந்தை ராத்திரி தூங்காது. சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிருக்கும். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு அதற்குப் பிடித்த இடங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மலோ இருக்கும். எச்.டி.எல்.வி கரப்பானில் அரிப்பு உண்டு, ஆனால் மிதமானது. புண்ணின் அசிங்கத்துக்கும் அரிப்பின் அளவுக்கும் பொருத்தமே இருக்காது. நீர் கசிவு, பொருக்கு, வாடை ஆகியவை முன்னால் நிற்கும். அடோபிக் எக்ஸிமாவிலும் பாக்டீரியா ஏறி ஆன்டிபயாடிக் தேவைப்படும் என்பதால், மருந்துக்குக் கேட்டது என்ற ஒரே காரணத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. எத்தனை முறை, எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்பதே கேள்வி.

கைக்குழந்தையின் தலைப் பொருக்கு வேறு. அது பிறந்த சில வாரங்களில் வரும், எண்ணெய்ப் பசையாக இருக்கும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஒரு வயது தாண்டிய பிறகு தலையில் புதிதாகக் கசியும் பொருக்கு தொடங்கினால் கண்ணை அகலத் திறந்து பாருங்கள்.

சொறி சிரங்கில் விரலிடுக்கும் மணிக்கட்டும் பாதிக்கப்படும்; வீட்டில் எல்லோரும் ராத்திரி சொறிவார்கள். ஆனால் இங்கே ஒரு வலை இருக்கிறது. எச்.டி.எல்.வி-1 உள்ளவர்களிடம் சிரங்குப் பூச்சி எக்கச்சக்கமாகப் பெருகித் தடித்த செதிலாகப் படரும் கடும் வகை வரலாம். அதைச் சாதாரண எக்ஸிமா என்று ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தால் நிலைமை மோசமாகும். தலைப் படை, சொரியாசிஸ், துத்தநாகக் குறைவு, எச்.ஐ.வி. ஆகியவற்றையும் டாக்டர் மனதில் வைத்துப் பார்ப்பார்.

ரத்தப் பரிசோதனை

எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா முதலில். அது பாசிடிவ் என்றால் வெஸ்டர்ன் பிளாட் அல்லது பி.சி.ஆர். மூலம் உறுதி. எலைசா மட்டும் பார்த்துவிட்டுக் குடும்பத்திடம் முடிவைச் சொல்லிவிடக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றேகால், ஒன்றரை வயதுவரை மிச்சமிருக்கலாம். அதற்கு முன் எடுத்த பாசிடிவ் முடிவு குழந்தைக்குத் தொற்று உண்டு என்பதற்குச் சாட்சி அல்ல.

இந்தப் பரிசோதனை எல்லா லேபிலும் கிடைக்காது. இந்தியாவில் ரத்த வங்கிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பரிசோதனைகளிலும் இது இல்லை. அதனால் திரும்பத் திரும்பக் கரப்பான் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் செய்யச் சொல்வது நியாயமல்ல. தலையும் காதும் சேர்ந்த இடத் தேர்வு, மருந்தை நிறுத்தினால் உடனே திரும்புதல், தாயின் பூர்வீகமோ வாழ்ந்த இடமோ வைரஸ் அதிகமுள்ள பகுதி என்பது, இந்த மூன்றும் கூடிவந்தால் கேளுங்கள். கூடவே ரத்த எண்ணிக்கை, புண்ணிலும் மூக்கிலும் எடுத்த மாதிரியின் கல்ச்சர், மலத்தில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உண்டா என்ற பார்வை ஆகியவையும் தேவை. அந்தப் புழுவும் இந்த வைரஸும் ஒரே உடலில் சேர்ந்தால் புழு அடங்காமல் பெருகும். வாய்வழி ஸ்டீராய்டு அந்த நிலையில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீண்ட மருத்துவம்

வைரஸை ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நாம் அடக்கப்போவது பாக்டீரியாவையும் அழற்சியையும். ஜமைக்காவிலும் பாஹியாவிலும் பெரிதும் கைகொடுத்தது கோ-டிரைமாக்ஸசோல், அதாவது சல்ஃபாவும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த பழைய, மலிவான மருந்து. செஃபலெக்ஸின் போன்றவையும் பயன்படுகின்றன. அளவும் காலமும் குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். குடும்பத்துக்குப் புரியவைக்க வேண்டியது காலத்தைப் பற்றித்தான்: இது ஐந்து நாள், பத்து நாள் கோர்ஸ் அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் போகும். தோல் தெளிந்த பிறகும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்துதான் நிறுத்திப் பார்ப்பார்கள். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், தெளிந்த தோலைப் பார்த்து வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். திரும்பி வந்ததும் ‘இந்த மருந்து கேட்கலை’ என்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

சல்ஃபா மருந்தில் எச்சரிக்கை வேண்டும். புதிதாகத் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீண்ட நாள் கொடுக்கும்போது அவ்வப்போது ரத்த எண்ணிக்கை பார்ப்பதும் அவசியம்.

தோலுக்குச் செய்வதில் பொருக்கை எடுக்கும் விதம் முக்கியம்; இதைச் செய்து காட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உலர்ந்த பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், குழந்தை அடுத்த முறை தலையைத் தொடவே விடாது. சுத்தமான மெல்லிய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பொருக்கின் மேல் கால்மணி நேரம் போட்டு வையுங்கள். கசிவு அதிகமாக இருந்தால் டாக்டர் பெர்மாங்கனேட் தண்ணீர் சொல்லலாம்; நிறம் வெளிர் ரோஜாவாக இருக்க வேண்டும், ஊதாவாக இருந்தால் அது தோலைச் சுடும், கரையாத துகள் ஒன்றுகூடத் தோலில் படக் கூடாது. ஊறிய பொருக்கைத் துணியாலேயே ஒற்றி, முடி வளர்ந்திருக்கும் திசையில் வழித்தால் வலியில்லாமல் வந்துவிடும். முதல் நாள் பாதிதான் வரும், மீதி மறுநாள். பிறகு பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுத்து, டாக்டர் எழுதிய களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். முடியை ஒட்டக் கத்தரித்தால் வேலை பாதியாகும். மொட்டை அடிக்கக் கத்தி வைப்பதைப் புண் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள், நேர்த்திக்கடன் காத்திருக்கும்.

மூக்குத் துவாரத்தில் மியூபிரோசின் களிம்பு, அழற்சிக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பு, பூஞ்சை சேர்ந்திருந்தால் அதற்கு ஒன்று, உலர்ந்த இடங்களுக்கு ஈரப்பதம் காக்கும் களிம்பு என்று டாக்டர் எழுதுவார். இமையோரத்திலும் தொடை இடுக்கிலும் வீரியமான ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் மூன்று மருந்து கலந்த டியூபைத் தவிருங்கள். அதில் இருக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் குழந்தைத் தோலுக்கு ஏற்றதல்ல. முதல் வாரம் அது தரும் பளபளப்பை நம்பி மாதக்கணக்கில் தடவும் குடும்பங்கள் ஏராளம்.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். கரப்பான் என்றதும் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஏற்கனவே ரத்தசோகை இருக்கிறது. நிறுத்துவது நோயை விட்டுவிட்டுக் குழந்தையைப் பட்டினி போடுவதாக முடியும். முட்டை, மீன், கீரை, பயறு எல்லாம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தாயிடம் பேசுவது

குழந்தையின் முடிவு பாசிடிவ் என்றால் பெரும்பாலும் தாயும் வைரஸைச் சுமக்கிறார். அந்தச் செய்தி வீட்டில் என்ன செய்யும் என்று யோசிக்காமல் சொல்லக் கூடாது. மாமியார், கணவர் எல்லோரும் சூழ நிற்கையில் சொல்லாதீர்கள். முதலில் தாயிடம் தனியாக. அவருக்கும் தன் தாயின் பாலிலிருந்தே வந்திருக்கலாம் என்பதை அந்த முதல் பேச்சிலேயே சேர்த்துச் சொல்லுங்கள்.

“இது எய்ட்ஸாக்கா? பால் குடுத்ததால வந்துச்சா?”

“எய்ட்ஸ் இல்லம்மா, அது வேற, இது வேற. பால் வழியா வந்திருக்கலாம். ஆனா உங்களுக்கே தெரியாத விஷயம் இது. பிள்ளைக்கு நல்லதுன்னுதான குடுத்தீங்க? இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

இந்த அளவு நேராகப் பேசினால் போதும். பால் வழி வரவே இல்லை என்று பொய் சொல்லித் தேற்ற வேண்டாம்; அடுத்த குழந்தைக்காக உண்மை தேவைப்படும். கணவருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யலாம் என்பதையும், கணவருக்குச் சொல்வதை எப்போது, யார் முன்னிலையில் என்று அவரே தீர்மானிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த குழந்தை விஷயத்தில் ஜப்பானின் அனுபவம் பெரிய வழிகாட்டி. நாகசாகி மாவட்டத்தில் 1987-இல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வைரஸ் உள்ள தாய்மார்களுக்குப் புட்டிப்பாலை அறிவுறுத்தும் திட்டம் தொடங்கியது. நீண்ட காலம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. புட்டிப்பால் குடித்தவர்களில் அது சுமார் 2.5 சதவீதம். பின்னர் ஜப்பான் முழுவதும் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. வைரஸ், பாலிலுள்ள தாயின் வெள்ளணுக்களோடு சேர்ந்து போவதால், எவ்வளவு காலம் குடிக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து கூடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கை எல்லா வீட்டிலும் அப்படியே போட முடியாது. நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில், பால்பவுடர் டப்பாவுக்கு மாதாமாதம் காசு இல்லாத வீட்டில், புட்டிப்பால் வயிற்றுப்போக்கையும் ஊட்டக்குறைவையும் கொண்டுவந்து குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். அங்கே ஆறு மாதத்தோடு தாய்ப்பாலை நிறுத்துவது ஒரு நடுவழி. எது என்று அந்தத் தாயின் வீட்டையும் அடுப்பையும் பார்த்து டாக்டரும் அவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வைரஸ் இல்லாத தாய்மார் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது.

வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியவை

பல குழந்தைகளுக்குப் பருவ வயதை ஒட்டிக் கரப்பான் தணிகிறது. குடும்பம் ஆஸ்பத்திரியை மறக்கத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை வலியுறுத்தச் சொன்னால் நான் இதைத்தான் வலியுறுத்துவேன்: தோல் ஆறிய பிறகும் குழந்தை கண்காணிப்பில் இருக்க வேண்டும். 1991-இல் லான்செட் இதழில் ஜமைக்காவிலிருந்து ஒரு தகவல் வந்தது. சிறுவயதில் இந்தக் கரப்பான் இருந்த ஒருவருக்கு 17 வருடம் கழித்து டி-செல் ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. முதுகுத்தண்டு நோய் நடுவயதில் வருவதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கரப்பான் உள்ள பிள்ளைகளிடம் அது பள்ளிப் பருவத்திலேயே வருவதைப் பாஹியாவின் மருத்துவர்கள் காட்டினார்கள்.

இதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. வைரஸைச் சுமப்பவர்களில் ரத்தப் புற்றுநோய் வருவது ஆயுள் முழுவதற்குமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு என்ற அளவில். ஆனால் சிறுவயதுக் கரப்பான் வந்தவர்களிடம் முதுகுத்தண்டு நோய் மற்றவர்களைவிட அதிகமாகவே பதிவாகியிருக்கிறது. அதன் தொடக்கம் மிகச் சாதாரணமாக இருக்கும். ஓட்டத்தில் முன்னால் நின்ற பிள்ளை பின்தங்கும். படியேறும்போது கால் தடுக்கும். செருப்பின் முன்பக்கம் மட்டும் தேயும். ராத்திரிப் படுக்கை நனைவது நின்றுபோன பிள்ளைக்கு மறுபடி தொடங்கும். பகலில் சிறுநீர் அவசரமாக வரும், சில சமயம் வராமலும் அடம்பிடிக்கும். இடுப்பு வலி என்று சொல்லும். ஆசிரியர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், பெற்றோர் வளர்ச்சி வலி என்பார்கள். ஒவ்வொரு வருகையிலும் குழந்தையை அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சொல்லிப் பாருங்கள், குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள், கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழச் சொல்லுங்கள், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மூன்று நிமிட வேலை. நெறிக்கட்டு வளர்ந்துகொண்டே போவது, காரணமில்லாத எடைக் குறைவு, ஆறாத தோல் கட்டி ஆகியவை இருந்தால் ரத்த நோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பிள்ளை பதினெட்டு வயதைத் தொடும்போது குழந்தை மருத்துவரின் கோப்பு பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். அதற்கு முன் ஒரு பக்கத்தில், அவரே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், ஒரு குறிப்பு எழுதிக் கையில் கொடுங்கள்: எச்.டி.எல்.வி-1 எந்த வருடம், எந்தச் சோதனையில் உறுதியானது. கரப்பான் எப்போது தொடங்கி எப்போது தணிந்தது. எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு காலம். புழுவுக்கு மருந்து கொடுத்தார்களா. கடைசியாக நடையைச் சோதித்த தேதி. ரத்ததானம் செய்யக் கூடாது என்பதையும், ஆணுறையின் தேவையையும், ஸ்டீராய்டு மாத்திரை யாராவது எழுதினால் இந்தக் காகிதத்தை முதலில் காட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பெண் பிள்ளையென்றால் கர்ப்பம் உறுதியான உடனே முதல் பரிசோதனையில் இதைக் காட்டும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.